டெக்சாஸ் எல்லைக் காவலர்கள் ராமோஸ், காம்பியான் மீதான வழக்கை மக்கள் ஏன் நம்பவில்லை?

காரணம் எளிது: போதைப்பொருள் கடத்தியவர் அரசுச் சாட்சி, துரத்திய காவலர்கள் குற்றவாளிகள்.

2005 பிப்ரவரியில் டெக்சாஸின் ஃபேபென்ஸ் அருகே ஒருவர் வேனை விட்டுவிட்டு மெக்சிகோ பக்கம் ஓடினார். துரத்திய ராமோஸும் காம்பியானும் சுட்டார்கள், ராமோஸின் குண்டு ஓடியவரின் பிட்டத்தில் பாய்ந்தது. வேனில் இருந்தது 743 பவுண்டு கஞ்சா. அவர் கையில் ஏதோ பளபளத்தது என்றார்கள் காவலர்கள். அவரிடம் ஆயுதமே இல்லை என்றது அரசுத் தரப்பு. சாட்சி சொல்ல அவருக்கு வழக்கிலிருந்து விலக்கும் கிடைத்தது. அவர் மறுபடியும் கஞ்சா கடத்தினார் என்ற தகவலை ஜூரியிடம் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவிடம்) சொல்ல நீதிபதி அனுமதிக்கவில்லை. 2008-ல் அவரே அதை ஒப்புக்கொண்டதும் கொதிப்பு கூடியது.

சரி, காவலர்கள் அப்பாவிகளா? அப்படிச் சொல்ல முடியவில்லை. சுட்டதை இருவரும் மேலிடத்தில் சொல்லவில்லை. காம்பியான் தோட்டா உறைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தினார். முதுகைக் காட்டி ஓடுபவரைச் சுட்டுவிட்டு இப்படிச் செய்தால் எந்த ஜூரிக்கும் உறுத்தத்தான் செய்யும்.

எனக்கு நெருடுவது தண்டனைதான். ராமோஸுக்கு 11 ஆண்டு 1 நாள், காம்பியானுக்கு 12 ஆண்டு. இதில் தலா 10 ஆண்டு, குற்றத்தின்போது துப்பாக்கியால் சுட்டதற்கான கட்டாயத் தண்டனை. நீதிபதி நினைத்தாலும் அதைக் குறைக்க முடியாது. பணிக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்கள் மேல் இந்தப் பிரிவைப் போடுவதா, வேண்டாமா என்பது முழுக்க அரசுத் தரப்பின் கையில் இருந்தது. அதிபர் புஷ், தன் பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய நாள், 2009 ஜனவரி 19 அன்று, தண்டனையைக் குறைத்தார். மன்னிப்பு மட்டும் தரவில்லை.