தட்டின் வயதைத் தூரிகையிடம் கேளுங்கள்

கேள்வி: பறவையும் பூக்களும் தீட்டிய பெரிய மண்தட்டு ஒன்றை வாங்கினேன். நூறு வருடப் பழமை, முழுவதும் கைவேலை என்றார் விற்றவர். அடியில் 'மேட் இன் இத்தாலி' என்று தூரிகையால் எழுதியிருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை. அவர் சொன்னது உண்மையா? என்ன மதிப்பு பெறும்? இதில் உணவு பரிமாறலாமா?

பதில்: எல்லோரும் முதலில் அடியைத்தான் பார்க்கிறார்கள். நான் முகத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வழியே பறவையின் இறகைப் பாருங்கள். வண்ணம் சீரான சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. கைவேலையில் கோடு தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும்; ஒரே பூவின் இதழ்கள்கூட ஒன்றுபோல இரா. வெளிக்கோட்டையும் தனியே சோதியுங்கள்: கோட்டை அச்சிட்டு, நிறத்தை மட்டும் கையால் நிரப்புவதும் உண்டு.

இத்தாலியின் மயோலிக்கா என்ற மண்பாண்ட மரபில், வெள்ளீயம் கலந்த வெண்பூச்சு சூளைக்குப் போகும் முன்பே அதன்மேல் தீட்டுவார்கள். உலர்ந்த பூச்சு தூரிகையின் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். இட்ட கோட்டை அழித்துத் திருத்துவது மிகக் கடினம். நல்ல கைகளின் கோட்டில் தெரியும் அந்தத் துணிச்சலான வேகம் எனக்கு எந்த முத்திரையையும்விடப் பெரிது.

இனி வயது. 1891 முதல் அமெரிக்கா தன் இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. 'மேட் இன்' என்ற சொற்கள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பொருட்களில் வருபவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியிலிருந்து இவ்வகைத் தட்டுகள் ஏராளமாக ஏற்றுமதியாயின. ஆகவே, வேறு சான்று கிடைக்கும் வரை நூறு வருடக் கணக்கை நான் ஏற்கமாட்டேன்.

பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல்கள் வயதுக்குச் சான்றல்ல. மண்ணும் பூச்சும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் புதுத் தட்டிலும் அவை வரும். தேயிலைச் சாயம் ஏற்றிப் பழையதாகக் காட்டுவோரும் உண்டு. அடிவளையத்தைப் பாருங்கள். நெடுநாள் புழங்கியிருந்தால் தரையில் படும் மேடுகள் மட்டும் தேய்ந்து, கீறல்கள் பல திசைகளில் ஓடும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் உப்புத்தாள் தேய்த்த வேலையோ என்று சந்தேகியுங்கள்.

மதிப்புக்கு, விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஏலத்தில் இதே வகையும் அளவும் உள்ள தட்டு உண்மையில் விற்ற விலையைத் தேடுங்கள். விளிம்பில் பூச்சு சிறிது உதிர்ந்திருப்பதை இவ்வகையில் பலர் பொறுத்துக்கொள்வார்கள். மறைத்து ஒட்டிய உடைப்பு விலையை வெகுவாகக் குறைக்கும். புற ஊதா விளக்கில் பழுதுபார்த்த இடம் பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரியும். மதிப்பிடுபவரே 'எனக்கு விற்றுவிடுங்கள்' என்றால், இன்னொருவரிடம் காட்டாமல் கொடுத்துவிடாதீர்கள்.

உணவு வேண்டவே வேண்டாம். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். புளிப்பு பட்டால் அது உணவில் கரையும். சுவரில் மாட்டுங்கள். அடிவளையத்தில் கயிறு கோக்கத் துளைகள் இருந்தால், அது அதற்காகவே செய்த தட்டுதான்.