நாயுடன் தனியாகப் பயணம் போகும்போது கழிப்பறைக்கு எப்படிப் போகிறீர்கள்?

கேள்வி கேட்டவர் எட்டு மாத லாப்ரடாரை வைத்துக்கொண்டு தனியாகக் கார் ஓட்டிப் போகிறவர். வழியில் தனக்கு அவசரம் வந்தால் நாயைக் காரில் விடுவதா, வெளியே கட்டுவதா, கூடவே அழைத்துப் போவதா என்று கேட்டிருக்கிறார்.

கூடவே அழைத்துப் போங்கள். மற்ற இரண்டையும் நான் செய்து பார்த்துச் சூடு பட்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது நாட்டு நாய். பெயர் மிளகு, பதினெட்டு கிலோ, ஆறு வயது. தாம்பரத்திலிருந்து திருச்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு மாதம் ஒருமுறை நானும் அதுவும் மட்டும் போவோம். ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இதற்கு முதல் வருடம் நான் கண்டுபிடித்திருந்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. விடியற்காலை ஐந்து மணிக்கு அரை டம்ளர் காபி. அதற்குப் பிறகு சமயபுரம் சுங்கச்சாவடி கண்ணில் படும்வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. மிளகுக்கு மட்டும் மூன்று இடங்களில் நிறுத்தி, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, புல் பார்த்து நடக்கவிட்டு, அது முடிக்கும்வரை காத்திருப்பேன்.

அந்த வருடத்தில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்தது. இரண்டாவது முறை மருத்துவர், நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நாய்க்கு எத்தனை இடத்தில் நிறுத்துகிறீர்கள்?" என்றார். மூன்று என்றேன். "அந்த மூன்று இடத்திலும் நீங்களும் போங்கள்" என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுத ஆரம்பித்தார். பெண்கள் இந்தப் பதிலைப் படித்தால் தலையாட்டுவீர்கள். நாய் இல்லாதவர்களும் நம்மில் பாதிப் பேர் பயணத்தன்று இதைத்தான் செய்கிறோம்.

காரில் விடுவதைப் பற்றி. "ரெண்டு நிமிடம்தானே" என்று தோன்றும். ஆனால் சாவி கேட்டு வாங்கி, கதவு திறந்து, திரும்பி வர ரெண்டு நிமிடத்தில் யாராலும் முடியாது. வெளியே 35 டிகிரி என்றால் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 45ஐத் தொட்டுவிடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதனால் பெரிய வித்தியாசம் வருவதில்லை என்று அமெரிக்காவில் 2005இல் அளந்தே பார்த்துவிட்டார்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் இரைத்து என்ன பயன்? உடம்புச் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

ஏ.சி.யை ஓடவிட்டுவிட்டுப் போகலாமே என்று என் தம்பி சொன்னான். ஒருநாள் வீட்டு வாசலில் வண்டியை அப்படி நிறுத்திவிட்டு கேட்டைத் திறக்க இறங்கினேன். மிளகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க முன்காலை ஊன்றியது. டக்கென்று நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. மாற்றுச் சாவி மாடியில் இருந்ததால் பிழைத்தோம். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் இதே காரியத்தை அது செய்திருந்தால் நான் கல்லைத்தான் தேடியிருக்க வேண்டும்.

வெளியே கட்டியது ஒரே ஒருமுறை. விழுப்புரம் தாண்டி ஒரு பங்க். கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பத்தில் கட்டிவிட்டு உள்ளே போனேன். அரை நிமிடம் ஆகியிருக்காது, முதலில் ஒரு உறுமல், பிறகு நான்கைந்து குரல்கள். அந்த பங்க்கையே ஊராகக் கொண்ட நாய்கள். அவற்றின் எல்லைக்குள் ஓர் அந்நியம், அதுவும் ஓட வழியில்லாமல் கட்டிப்போட்டிருக்கிறது. கட்டாமல் விட்டிருந்தால் மிளகு ஓடியாவது தப்பித்திருக்கும். ஒரு கையில் சுடிதார் நாடாவைப் பிடித்துக்கொண்டு மறு கையில் தண்ணீர் மக்கோடு நான் வெளியே ஓடி வந்த கோலத்தைக் காற்றடிக்கும் பையன் இன்னும் மறந்திருக்க மாட்டான். காது நுனி கிழிந்ததோடு போயிற்று. அதற்கும் கால்நடை மருத்துவமனை, மறுபடி ரேபிஸ் ஊசி என்று ஒரு மாதம் அலைந்தேன்.

யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாமா என்றால், கொடுக்கலாம், ஆளைப் பார்த்து. அந்த இடத்தைவிட்டு நகர முடியாதவரிடம் கொடுங்கள். டீக்கடைக்காரர், பூக்கட்டும் அம்மா, பங்க் காவலாளி. பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம் கொடுத்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பஸ் வந்துவிடும். திண்டிவனத்தில் ஒரு பூக்கார அம்மாவிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது மிளகு கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது. "பசியா இருந்திருக்கு, நீ என்ன அம்மா" என்கிற மாதிரி என்னைப் பார்த்தார் அந்த அம்மா. அப்படி அமைவது அபூர்வம். அதை நம்பி மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது.

இனி உள்ளே அழைத்துப் போவது. முதல் விஷயம், கழிப்பறையை நாய்க்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பளபளப்பான உணவகத்துக்குள் நான்கு மேசைகளைக் கடந்து போக வேண்டிய கழிப்பறை நமக்கு உதவாது, வாசலிலேயே மறித்துவிடுவார்கள். வெளிப்பக்கமாகக் கதவு வைத்த, படிக்கட்டு இல்லாத பங்க் கழிப்பறைதான் வசதி. கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று மூன்றையும் பங்க்கில் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் வைத்திருக்கும் விதி. ஆனாலும் பல இடங்களில் பூட்டுத்தான் நம்மை வரவேற்கும். சாவி பணம் வாங்குகிறவரின் மேசை இழுப்பறையில் இருக்கும். நான் முதலில் முந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுவிட்டுத்தான் சாவி கேட்பேன். தேவையில்லாத மரியாதைதான், ஆனால் சண்டை போட எனக்கு அந்த நேரத்தில் அவகாசம் இருப்பதில்லை.

உள்ளே போனால் கைக்கணக்கு இடிக்கும். கயிற்றைப் பிடிக்க ஒரு கை, தாழ்ப்பாளுக்கு ஒரு கை, கைப்பையை மாட்டக் கொக்கி இருக்காது என்பதால் அதற்கு ஒரு கை, உடையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை. நமக்கு இருப்பது இரண்டு. அதனால் நான் நீளமான கயிறாக வாங்கி, பூணூல் மாதிரி தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்கிறேன். பையும் அதேபோல் எதிர்த் தோளில், முதுகுப் பக்கம். செல்போன் காரிலேயே இருக்கட்டும், பின் பாக்கெட்டில் வைத்தால் எங்கே விழும் என்று தெரியும். இந்தியன் கழிப்பறையில் உட்காரும்போது நாய் ஓர் இழுப்பு இழுத்தால் நாம் அங்கேயே கவிழ்ந்துவிடுவோம். அதற்கு, கயிற்றை வலது செருப்புக்கு அடியில் மிதித்துக்கொண்டு ஒன்றரை அடி மட்டும் விட்டு வைப்பேன். இழுப்பு தோளுக்கு வராது, காலோடு நின்றுவிடும். கழுத்துப் பட்டையைவிட மார்போடு பூட்டும் ஹார்னஸ் இதற்கு நல்லது. கழுத்துப் பட்டையைப் பின்பக்கமாக இழுத்துத் தலையை உருவிக்கொள்ள மிளகுக்கு மூன்று விநாடி போதும்.

தாழ்ப்பாள் உடைந்திருந்தால்? பாதி இடங்களில் உடைந்துதான் இருக்கும். மிளகைக் கதவோடு ஒட்டி உட்கார வைத்துவிடுவேன். வெளியிலிருந்து யாராவது தள்ளினால் ஒரு "உர்ர்". அதற்குப் பிறகு யாரும் தள்ளுவதில்லை. என் அனுபவத்தில் எந்தத் தாழ்ப்பாளும் இவ்வளவு நம்பகமாக இருந்ததில்லை.

இதையெல்லாம் வீட்டுக் குளியலறையில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். நான் பதினைந்து நாள், காலையும் மாலையும், கதவைச் சாத்தி "இரு" என்று சொல்லி, பக்கெட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஃப்ளஷ் அழுத்தி, அசையாமல் இருந்தால் அவித்த கோழி ஈரலில் ஒரு துண்டு கொடுத்தேன். ஃப்ளஷ் சத்தம்தான் பெரிய தடை. முதல் நாள் மிளகு துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பிறகு அந்தச் சத்தம் கேட்டாலே ஈரல் வரும் என்று வாயைத் திறக்க ஆரம்பித்தது. விருந்தாளிகள் கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிற பழக்கம் அப்படி வந்ததுதான்.

தரைதான் உண்மையான ஆபத்து. நமக்குச் செருப்பு இருக்கிறது, அதற்கு இல்லை. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போட்ட ஈரத்தில் நின்றுவிட்டு, காருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாதத்தை நக்கும். இரண்டும் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. அதனால் ஒரு லிட்டர் தண்ணீரும் பழைய துண்டும் டிக்கியில் நிரந்தரமாக இருக்கின்றன. நான்கு பாதத்தையும் கழுவித் துடைக்காமல் ஏற்றுவதில்லை. எலி நடமாடும் இடங்களில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. எலியின் மூத்திரம் கலந்த ஈரத்திலிருந்து அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வருடா வருடம் போட வேண்டும். எல்லாக் கூட்டு ஊசியிலும் அது சேர்ந்திருக்காது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசிகள் முடியாத குட்டியாக இருந்தால் தரையில் விடவே வேண்டாம். தோள்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பெண்கள் கழிப்பறையின் மூலையில் மூடியில்லாத குப்பைக் கூடை இருக்கும். அதில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும், நாய்க்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நான் தாழ்ப்பாளோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில் மிளகு ஒருமுறை தலையை உள்ளே விட்டுவிட்டது. வாயிலிருந்து பிடுங்கினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்போது கதவைத் திறந்ததும் நாயை விடுவதற்கு முன்னால் கூடை எங்கே என்று பார்த்து, காலால் தள்ளி எட்டாத மூலைக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவேன்.

துப்புரவுப் பணியாளர்கள் மறுப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. நாய் அசிங்கம் செய்தால் அதையும் சேர்த்து அள்ள வேண்டியவர் அவர்தான். சுங்கச்சாவடிக் கழிப்பறை ஒன்றில் ஓர் அக்கா துடைப்பத்தை வாசலுக்குக் குறுக்கே வைத்து, "நாயையெல்லாம் உள்ளே விட முடியாதும்மா" என்றார். கையில் இருந்த பையையும் பழைய செய்தித்தாளையும் காட்டி, ஏதாவது செய்தால் நானே அள்ளிக் கழுவிவிடுகிறேன் அக்கா, வெளியே கட்டினால் தெருநாய்கள் கடித்துவிடும் என்றேன். துடைப்பம் விலகியது. உள்ளே அழைத்து வருவதற்கு முன்பே மிளகை வெளியே ஒரு மரத்தடியில் போகவிட்டுக் கூட்டி வருவதும் இதற்காகத்தான்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வரி. முதல் வகுப்பு ஏ.சி.யில் கூபே (இரண்டு படுக்கை உள்ள தனி அறை) அல்லது கேபின் (நான்கு படுக்கை உள்ளது) முழுவதையும் நம் பெயரில் எடுத்தால்தான் நாய் நம்மோடு வரலாம், இல்லையென்றால் கார்டு (ரயில் மேலாளர்) பெட்டியில் இருக்கும் கூண்டுதான். அந்த அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள்தான் உண்டு, வெளியிலிருந்து பூட்ட வழியில்லை. ஆக அங்கேயும் கூடவே கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், வண்டி ஸ்டேஷனில் நின்று ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தைத் தவிர்த்து.

ஆண்களுக்கு இதில் பாதித் தொல்லை இல்லை. ஆனால் ஆண் நாயோடு போகிறவர்கள், பக்கத்தில் நிற்பவரின் பேன்ட்மீது ஒரு கண் வையுங்கள்.

உங்கள் லாப்ரடாருக்கு எட்டு மாதம் என்கிறீர்கள். இப்போதே இருபத்தைந்து கிலோவை ஒட்டி இருக்கும். சின்ன அறைக்குள் உங்களையும் அதையும் அடைத்தால் திரும்ப இடம் இருக்காது. சாய்தளமும் அகலக் கதவும் வைத்த மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை காலியாக இருந்து, யாரும் காத்திருக்கவில்லை என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள். செருப்புக்கு அடியில் கயிற்றை மிதிக்கும் என் வித்தை அந்த எடைக்குத் தாங்காது. அதனால் "இரு" என்ற சொல்லுக்கு உட்காரும்வரை வீட்டு ஒத்திகையை நிறுத்தாதீர்கள். லாப்ரடார் தண்ணீரைப் பார்த்தால் விடாது, உள்ளே போனதும் முதலில் பக்கெட்டைக் குழாய்த் திட்டின்மேல் தூக்கி வைத்துவிடுங்கள்.