இஷியின் வில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சியிருந்த இஷி என்பவரிடம் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் வில்வேட்டையைக் கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வில்லையும் அம்பையும் பற்றி வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். இடம் கொள்ளும் அளவுக்கு இங்கே பதில் தருகிறேன்.

சென்ற இதழ் என் கைக்குக் கிடைக்கவில்லை. இஷி யார்? ஒரு மருத்துவர் அவரிடம் போய் வில் கற்கும்படி நேர்ந்தது எப்படி? (ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்)

1911 ஆகஸ்ட் 29 அன்று, வட கலிபோர்னியாவில் ஓரோவில் என்னும் ஊருக்கு அருகே, ஓர் ஆடுமாடு வெட்டும் கொட்டடியின் வேலியோரத்தில் பசியால் இளைத்துப்போன ஒரு மனிதரைக் கண்டெடுத்தார்கள். அவருடைய மக்களைக் குடியேறிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே வேட்டையாடிக் கொன்றுவிட்டார்கள். தப்பிய சிலர் மலைப் பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்து, ஒவ்வொருவராக மறைந்து, இறுதியில் அவர் ஒருவரே மிஞ்சினார். மானிடவியலாளர்கள் குரோபரும் வாட்டர்மேனும் அவரைச் சான்பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துச்சென்று அங்கிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். தன் பெயரைத் தானே சொல்லுவது அவருடைய மரபில் இல்லை என்பதால், அவர் மொழியில் ‘மனிதன்’ என்று பொருள்படும் இஷி என்ற சொல்லையே பெயராக வைத்தார் குரோபர்.

அருங்காட்சியகத்தை அடுத்திருந்த மருத்துவமனையில் பணிபுரிந்த போப், வைத்தியம் பார்க்க வந்து மாணவராக மாறினார். 1916 மார்ச் 25 அன்று இஷி காசநோயால் இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது. ஒளிந்து வாழ்ந்த அந்த நீண்ட காலத்தில், வெடிச்சத்தத்தால் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்காத ஆயுதம் வில் ஒன்றுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கீழே வருவனவற்றைப் படிக்க வேண்டுகிறேன். இந்த வேட்டைமுறையின் ஒவ்வொரு கருவியும் அமைதியாக அருகில் போவதற்காகவே உருவானது.

கோயில் சிற்பங்களில் ஆள் உயர வில்லைக் காண்கிறோம். இஷியின் வில் மூன்றரை அடிதான் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு சிறிய வில் மானைக் கொல்லுமா? அதை எப்படிச் செய்தார்? (தச்சு வேலை செய்பவர், காரைக்குடி)

மரத்தோடு பழகிய தங்களுக்கு இது எளிதில் விளங்கும். வில்லை வளைக்கும்போது எய்பவரைப் பார்த்திருக்கும் உட்புறம் நசுங்குகிறது. அதை வில்லின் வயிறு என்பார்கள். எதிர்ப்புறம், அதாவது முதுகு, இழுபட்டு நீள்கிறது. நீண்ட வில்லில் இந்த வேலை அதன் உடல் முழுவதும் பரவிவிடுகிறது. குட்டை வில்லை அதே அளவுக்கு இழுத்தால் முதுகுப்புறத்து நார் பிளந்து வில் முறிந்துவிடும். முறியாமல் காப்பதற்கு முதுகில் மரத்தைவிட நன்றாக நீளக்கூடிய ஒரு பொருளை ஒட்டியாக வேண்டும். இஷி ஒட்டியது மானின் தசைநாண்.

மலைகளில் வளரும் ஜூனிப்பர் மரத்தின் கிளையைப் பிளந்து, வெளிப்புற வெண்மரம் முதுகாக வரும்படி வைத்துச் செதுக்கி, மணற்கல்லில் தேய்த்து வடிவாக்கினார். நடுவில் பிடிக்குமிடம் குறுகியும், வில்லின் இரு கைகளின், அதாவது பிடிக்கு இருபுறமும் நீளும் பகுதிகளின், மத்தியில் சுமார் இரண்டு அங்குல அகலமும் அரை அங்குலக் கனமும் கொண்டதாகத் தட்டையாகவும் இருக்கும். நுனிகளைச் சூடான கல்லின்மேல் வைத்து முன்புறமாக வளைத்தார். பிறகு மானின் கால் தசைநாண்களை வாயிலிட்டு மணிக்கணக்கில் மென்றார். மெல்ல மெல்ல அது மெழுகுபோல் இளகி, ஒட்டும் பதத்துக்கு வரும். சால்மன் மீனின் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைச் சொரசொரப்பாக்கிய முதுகில் தடவி, மென்ற நாரை அதன்மேல் அடுக்கடுக்காகப் பதித்து, மரப்பட்டையால் சுற்றிக் கட்டிச் சில நாள் விட்டார். கட்டை அவிழ்த்தபின் வாரக்கணக்கில் வெயிலில் உலர வேண்டும். காயும்போது தசைநாண் சுருங்கி, மரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

நாணும் அதே மானின் காலிலிருந்து எடுத்த மெல்லிய நார்களை மென்று முறுக்கியதுதான். தமிழில் வில்லின் கயிற்றையும் தசையை எலும்போடு பிணைக்கும் நாரையும் ‘நாண்’ என்ற ஒரே சொல்லால் சுட்டுகிறோம். இஷியின் கையில் அந்த இரண்டும் ஒரே பொருளாகவே இருந்தன. இப்படி உருவான வில்லை முழுதாக இழுத்தபோது சுமார் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ, விசை இருந்தது. நாணேற்றிய வில்லை அம்பால் தட்டினால் நல்ல ஒலி வரவேண்டும் என்பது அவர் கட்டளை. அந்த ஒலியோடு சேர்ந்து அவர் பாடுவதும் உண்டு.

வில்லைவிட அம்புதான் முக்கியம் என்று எழுதியது மிகையல்லவா? அம்பு என்பது ஒரு குச்சிதானே? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

மிகையில்லை. சுமாரான வில்லும் நல்ல அம்பும் உள்ளவர் குறியை அடிப்பார். அருமையான வில்லும் கோணல் அம்பும் உள்ளவரால் முடியாது.

நாணை விடும் கணத்தில் அம்பு வில்லின் தண்டைச் சுற்றி மீனைப்போல நெளிந்துகொண்டு போகிறது. அம்பின் தண்டு மிக விறைப்பாக இருந்தால் ஒரு பக்கமும், மிகத் துவண்டால் மறுபக்கமும் விலகும். ஆகவே வில்லின் விசைக்கு ஏற்ற விறைப்புள்ள தண்டாகத் தேர்ந்தெடுப்பதுதான் அம்பு செய்பவரின் முதல் திறமை. இஷி ஹேசல் என்னும் புதர்ச்செடியின் குச்சிகளை ஒரே பருமனில் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, கோணலான இடத்தைத் தணலில் காட்டிக் கையால் நிமிர்த்தி, கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பார்த்து, மறுபடியும் தணலில் காட்டுவார். முன்புறம் கனமான வேறொரு மரத்தாலான துண்டைச் செருகித் தசைநாணால் கட்டுவார். முன் கனத்தால் அம்பு நேராக ஓடும். பின்புறம் கட்டிய இறகுகள் காற்றில் உரசி வாலை இழுத்துப்பிடிக்கும். கழுகு, பருந்து முதலியவற்றின் இறகை நடுக்காம்பில் இரண்டாகப் பிளந்து, மூன்று துண்டுகளைச் சம இடைவெளியில் கட்டுவது அவர் வழக்கம்.

முனைக்கு எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனைப் பயன்படுத்தினார். நகரவாசிகள் வீசியெறிந்த பாட்டில் கண்ணாடியும் அவருக்கு அதே அளவு பிடித்தமானது. இடக்கையில் தோல் துண்டை விரித்து, அதன்மேல் கண்ணாடிச் சில்லை வைத்து, மான்கொம்பின் நுனியால் ஓரத்தை அழுத்துவார். அழுத்திய இடத்தில் மீன்செதிள் போன்ற சில்லு உதிரும். இரு ஓரங்களிலும் மாறிமாறி அழுத்தி, சற்று நேரத்தில் இலை வடிவ முனை ஒன்றை உருவாக்கிவிடுவார். போப் அந்த வித்தையை அருகிலிருந்து பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். இரும்பு முனைகள் புழங்கும் இன்றும் கண்ணாடியின் ஓரத்துக்கு நிகரான கூர்மையைத் தீட்டி வரவழைப்பது கடினம்.

எவ்வளவு தூரத்திலிருந்து எய்யலாம்? (வாசகர், யாழ்ப்பாணம்)

மரபு வில்லால் மானைக் குறிவைப்பவர்களில் பொறுப்புள்ளவர்கள் 20 கஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 18 மீட்டருக்குள், நின்றுகொள்கிறார்கள். கை நடுக்கம் மட்டும் இதற்குக் காரணமில்லை. மரபு வில்லிலிருந்து செல்லும் அம்பின் வேகம் வினாடிக்குச் சுமார் 55 மீட்டர் என்று வைத்தால், 18 மீட்டரைக் கடக்க மூன்றில் ஒரு வினாடி ஆகும். நாண் அதிரும் ஓசையோ அதே தூரத்தை இருபதில் ஒரு வினாடியில் கடந்துவிடும். ஆக, அம்பு வருவதற்கு முன்பே மானின் காதுக்குச் சேதி போய்விடுகிறது. அது பாய்வதற்காக முழங்காலை மடித்து உடலைத் தாழ்த்துகிறது. நெஞ்சைக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே போய்விடுகிறது, அல்லது படக்கூடாத இடத்தில் படுகிறது. இதற்காகவே நாணில் நீர்நாய் போன்ற விலங்குகளின் மென்மயிர்க் குஞ்சங்களைக் கட்டி அதிர்வை அடக்குகிறார்கள். கனமான அம்பு வில்லின் விசையை அதிகமாக வாங்கிக்கொள்வதால் ஓசையும் குறையும்.

தூரத்தைக் கூட்டுவதற்கு இஷி வழி தேடவில்லை. விலங்கைக் கிட்டே கொண்டுவரத்தான் தேடினார். வேட்டைக்கு முந்திய நாள் மீன் உண்ணமாட்டார், புகைபிடிக்கமாட்டார். விடியலில் ஓடையில் குளித்து, மணமுள்ள இலைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார். புதருக்குள் அமர்ந்து உதடுகளைக் குவித்து, துன்பத்தில் மாட்டிய முயலின் குரலை எழுப்புவார். முயல்கள் தாமாகவே வரும்.

அம்பு பட்ட விலங்கு துடிதுடித்துச் சாகாதா? இதைக் கலை என்று கொண்டாடுவது சரியா? (வாசகி, திண்டுக்கல்)

நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்லுகிறேன். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு வெட்டி, குருதியை வடித்துத்தான் கொல்லுகிறது. தீட்டிய முனை இரு நுரையீரல்களையும் ஊடுருவினால் விலங்கு சில வினாடிகளிலேயே நினைவிழந்து விழுகிறது. மழுங்கிய முனை, சரிந்த கோணம், அவசரம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தாலும் அது அடிபட்டு அலையும். எனவே அம்பை விடாமல் வில்லைத் தாழ்த்தத் தெரிந்தவரையே நான் வேட்டைக்காரராக மதிக்கிறேன். எய்தபின்னும் கடமை முடிவதில்லை. நின்ற இடத்தில் அரைமணி நேரமாவது காத்திருந்து, பிறகு இரத்தத் துளிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, விழுந்த இடத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். உணவுக்காக அன்றிக் கொம்புக்காக மட்டும் கொல்லுவதை என் மனம் ஏற்கவில்லை.

என் மகனுக்குப் பதினாறு வயது. 60 பவுண்டு விசையுள்ள வில்தான் வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா? (ஒரு தந்தை, மதுரை)

வேண்டாம் ஐயா. நான் பழகத் தொடங்கிய காலத்தில், ‘போகப்போகக் கை பழகிவிடும்’ என்று ஒருவர் சொன்னதை நம்பி 55 பவுண்டு வில்லை எடுத்தேன். முழுதாக இழுக்க முடியாமல் பாதியிலேயே விட்டுவிட்டு, அந்தக் கெட்ட பழக்கத்தைத் திருத்த இரண்டு ஆண்டு ஆயிற்று. வலத் தோள் இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. 25 பவுண்டில் தொடங்கட்டும். தாடையோரத்தில் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் கை வந்து நிற்கிறதா என்று பாருங்கள். அத்துடன் முன்கைக்குத் தோற்கட்டும் விரலுக்கு உறையும் கட்டாயம் வாங்கிக்கொடுங்கள். முன்னதைக் கோதை என்றும் பின்னதைப் புட்டில் என்றும் நம் பழந்தமிழர் அழைத்தார்கள்; இந்த அருமையான சொற்களைப் பயிற்சிக் களத்தில் மீண்டும் புழங்கவிட வேண்டும் என்பது என் ஆசை.

சக்கரம் வைத்த நவீன வில் இருக்கும்போது மரவில் எதற்கு? (பொறியாளர், சென்னை)

மிசௌரியைச் சேர்ந்த ஆலன் என்பவர் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் பெற்ற காம்பவுண்ட் வில்லில், முழுதாக இழுத்ததும் சக்கரங்கள் சுமையைப் பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. நிதானமாகக் குறிபார்க்கலாம், தூரமும் கூடும். மரவில்லிலோ முழு விசையையும் விரல்களே தாங்குவதால் ஓரிரு வினாடிகளுக்குமேல் பிடித்திருக்க முடியாது. அதனால்தான் மரவில் பழகியவர் காலடிச் சத்தத்தையும் காற்றின் திசையையும் அவ்வளவு கவனமாகக் கற்கிறார். எனக்கு அந்தக் கல்விதான் வேண்டும்.

தமிழ்நாட்டில் எங்கேனும் வில்வேட்டைக்கு அனுமதி உண்டா? (வாசகர், தேனி)

இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ‘ஆயுதம்’ என்பதன் வரையறையிலேயே வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்தியாவில் இடமே கிடையாது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1934-இல் வில்லுக்கென்றே மான் வேட்டைப் பருவம் ஒன்றை அறிவித்தது; அங்கே உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நமக்கு வைக்கோல் இலக்கு போதும். முயல் ஒன்றுதானே என்று காட்டுக்குள் வில்லோடு போய்விடாதீர்கள்.

வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடியிருக்கிறாரே, இது நடக்குமா? (தமிழாசிரியர், நாமக்கல்)

ஐந்து உயிர்களை ஓர் அம்பு துளைக்காது. ஆனால் அந்தப் பாட்டை வெறும் புனைவென்று தள்ளவும் எனக்கு மனமில்லை. கூரிய முனையுள்ள கனமான அம்பு, பக்கவாட்டில் நின்ற மானை முழுதாக ஊடுருவி, மறுபுறத்து மண்ணில் போய்க் குத்தி நிற்பது வில்வேட்டைக்காரர்கள் அடிக்கடி காணும் காட்சி. அப்படி வெளியேறிய அம்பு விசை தளர்ந்து தாழ்ந்துதான் போகும். பாட்டிலும் அம்பு கடைசியில் தரையோரத்துப் புற்றில்தானே நிற்கிறது! உண்மையில் கண்ட ஒரு காட்சியைப் புலவர் கொல்லிமலைத் தலைவனின் புகழுக்காக நீட்டியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

புதிதாக மரவில் வாங்கியிருக்கிறேன். நாணேற்றியபடியே சுவரில் சாத்தி வைக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

கூடாது. நாண் பூட்டியபடியே வைத்தால் வில் களைத்துப்போகும், அதற்கு வியர்த்துவிடும் என்பார் இஷி. எய்து முடித்ததும் அவர் செய்யும் முதல் வேலை நாணைக் கழற்றுவதுதான். மரத்தின் நார் நீண்டநேரம் வளைந்தே கிடந்தால் அந்த வளைவையே தன் வடிவமாக்கிக்கொள்ளும். வில்லின் விசை குறைந்துவிடும். ஆகவே நாணைக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து, சுவரில் இரண்டு மரமுளைகளை அறைந்து அவற்றின்மேல் கிடைமட்டமாக வைத்துவிடுங்கள். மூலையில் சாத்தினால் அடிநுனியில் பாரம் இறங்கி அந்தக் கை வளையும். தங்கள் ஊரின் கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால், மாதம் ஒருமுறை மெழுகையோ ஆளிவிதை எண்ணெயையோ மெல்லியதாகத் தேய்த்துவிடுங்கள். கொடிவெயிலில் காயவைக்க மட்டும் வேண்டாம்.