ஒரு கிலோ குப்பையில் எவ்வளவு நேரம் அடுப்பு எரியும்?

சிங்காநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் நான்கு பேர். சமையலறைக் கழிவைப் போட்டால் கேஸ் தரும் ‘1 கன மீட்டர்’ பயோகேஸ் தொட்டியை மொட்டைமாடியில் வைக்கச் சொல்லி ஓர் ஏஜென்ட் நச்சரிக்கிறார். விலை 32,000 ரூபாய். இனி சிலிண்டரே வேண்டாம், குப்பையும் பாக்டீரியா தின்று காணாமல் போய்விடும் என்கிறாராம். இப்போது அவர்களுக்கு ஒரு சிலிண்டர் 45 நாள் வருகிறது. வாங்கலாமா? அன்னூரில் இருக்கும் அம்மாவிடம் இரண்டு மாடு உண்டு. அவருக்கும் ஒன்று வாங்கித் தரலாமா?

உங்களுக்கு வேண்டாம். அம்மாவுக்கு வாங்கலாம், ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு.

முதலில் உங்கள் வீடு. காய்கறித் தோல், மிச்சச் சோறு, டீத்தூள் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் ஒன்றேகால் கிலோ தேறும். அதில் முக்கால் பங்கு வெறும் தண்ணீர். தொட்டி நன்றாக நடந்தால் பத்துக் கிலோ கழிவுக்குச் சுமார் 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதிலும் எரிவது மீத்தேன் மட்டும்தான், 60 சதவீதம்போல. மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அது சும்மா கூடவே வருகிறது. இதனால் 1 கன மீட்டர் பயோகேஸின் சூடு ஏறக்குறைய 450 கிராம் எல்பிஜிக்குத்தான் சமம்.

14.2 கிலோ சிலிண்டரை 45 நாளில் தீர்க்கிறீர்கள் என்றால் நாளுக்கு 315 கிராம் எல்பிஜி. அந்தச் சூட்டை பயோகேஸில் பெற தினமும் ஏழு கிலோ கழிவு வேண்டும். உங்களிடம் இருப்பது 1.2 கிலோ. அதில் சின்ன பர்னர் இருபது நிமிடம் எரியும், தீயைக் குறைத்து வைத்தால் அரை மணி. 45 நாள் வந்த சிலிண்டர் 54 நாள் வரும். வருடத்துக்கு ஒன்றரை சிலிண்டர்கூட மிஞ்சாது. 32,000 ரூபாயை அதோடு நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அடுப்பில் எரிவது உங்கள் வீட்டு மிச்சச் சோற்றில் ஏற்கெனவே இருந்த சூடுதான். தொட்டி அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை. வேறு வடிவத்தில் எடுத்துத் தருகிறது, அதுவும் முழுதாக இல்லை. ‘ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது’ என்று பள்ளியில் இரண்டு மார்க்குக்கு எழுதாதவர் நம்மில் யார்? ஆனால் ஏஜென்ட் கேட்டிற்குள் நுழைந்ததும் அது மறந்துபோகிறது.

குப்பை காணாமல் போகும் என்பது அதைவிடப் பெரிய புளுகு. 1.2 கிலோ கழிவோடு அதே அளவு தண்ணீர் ஊற்றுவீர்கள். உள்ளே போவது 2.4 கிலோ. வாயுவாக வெளியேறுவது 140 கிராம்போல. மீதி இரண்டேகால் கிலோவும் ஸ்லரியாக, அதாவது கழிவுக் கூழாக, மறுபக்கம் வந்தே தீரும். மாதத்துக்கு நான்கைந்து பக்கெட். மொட்டைமாடியில் அதை எங்கே ஊற்றுவீர்கள்? சாக்கடையில்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி ஒரு தொட்டி வாங்கினார்கள். நாலாவது மாதமே நாற்றம் தாங்காமல் கழுவிவிட்டார்கள். இப்போது அதில் துணி ஊறுகிறது.

அப்புறம் அந்த ‘1 கன மீட்டர்’. இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். அது தொட்டியின் கொள்ளளவா, நாள் ஒன்றுக்கு வரும் வாயுவா? ஏஜென்ட் சொல்வது முதலாவது, நீங்கள் புரிந்துகொள்வது இரண்டாவது. ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தாலும் நீங்கள் போடுகிற கழிவுக்குத்தான் வாயு வரும். பெரிய பானை வாங்கினால் சோறு பெருகுமா?

மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். திட்டம் இருக்கிறதா, இந்த வருடம் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். நம் ஊரில் எத்தனை கலன் கட்டினோம் என்று எண்ணுவார்கள், பக்கத்தில் நின்று போட்டோவும் எடுப்பார்கள். ஒரு வருடம் கழித்து அதில் எத்தனை எரிகிறது என்று கேட்பவர்களைத்தான் நான் பார்த்ததில்லை. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சரி, அம்மாவுக்கு வருவோம். ஒரு மாடு நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் போடும் என்று வைத்தால் இரண்டுக்கும் 20 கிலோ. 25 கிலோ சாணத்துக்கு 1 கன மீட்டர் வாயு என்பது பழைய கணக்கு, அது பொய்த்ததில்லை. ஆக நாளுக்கு 0.8 கன மீட்டர். உங்கள் வீட்டு அடுப்புக்கே 0.7 போதும், தனியாக இருக்கும் அம்மாவுக்கு மிஞ்சும்.

பார்க்க வேண்டியது, மாடுகள் நாள் முழுக்கக் கட்டுத்தரையில் நிற்கின்றனவா என்பதுதான். காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டி மாலையில் பிடித்துவந்தால் பாதிச் சாணம் காட்டில் விழுந்துவிடும், கணக்கும் பாதியாகும். வறட்டி தட்டுகிற பழக்கம் இருந்தால் இன்னும் குறையும். ஒரு வாரம் தினமும் சாணத்தைக் கூடையில் அள்ளித் தராசில் நிறுத்தச் சொல்லுங்கள். சராசரி 15 கிலோவுக்குக் கீழே வந்தால் விட்டுவிடுங்கள். சாணத்துக்குச் சமமாகத் தண்ணீரும் தினமும் ஊற்ற வேண்டும். கோடையில் அந்த ஒரு குடம் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். மார்கழிக் குளிரில் வாயு கொஞ்சம் மந்தமாகத்தான் வரும்.

‘சாணத்தை எரித்துவிட்டால் காட்டுக்கு உரம்?’ என்று அம்மா நிச்சயம் கேட்பார். வாயுவாகப் போவது கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். பயிருக்கு வேண்டிய தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து பெரும்பாலும் ஸ்லரியிலேயே தங்கிவிடும். உங்களுக்குத் தலைவலியாகும் அதே ஸ்லரி அவருக்கு எரு. வரப்போரம் வாய்க்காலில் கலந்துவிட்டால் ஆயிற்று.

உங்கள் ஏஜென்டிடம் ஒரே ஒரு தாள் கேளுங்கள்: தினமும் இத்தனை கிலோ கழிவு போட்டால் இத்தனை நிமிடம் எரியும், இத்தனை லிட்டர் ஸ்லரி வரும் என்று கையெழுத்தோடு. அப்படி யாரும் எழுதித் தந்து நான் பார்த்ததில்லை. தந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.