கதாநாயகி பெண் என்றாலே நண்பர்கள் புத்தகத்தைத் தொடுவதில்லை. எந்த அறிவியல் புனைகதையைப் பரிந்துரைக்கலாம்?

"இதில் கதாநாயகி ஒரு பெண்" என்று சொல்லித்தான் புத்தகத்தை நீட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் பல வருஷம் அப்படித்தான் நீட்டினேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துப் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். இங்கேயும் அந்த வார்த்தையைக் கேட்டதுமே புத்தகம் கைக்குத் திரும்பி வந்துவிடும்.

என் மாமா துப்பறியும் நாவல் தவிர வேறெதுவும் படிக்கமாட்டார். லாரன் பியூக்கஸ் எழுதிய 'ஜூ சிட்டி'யைக் கொடுத்தேன். எங்கள் நாட்டு எழுத்தாளர், ஜோஹன்னஸ்பர்க்கில் நடக்கிற கதை, நிச்சயம் படிப்பார் என்று நம்பினேன். "பொம்பளைப் பிள்ளைங்க படிக்கிறது" என்று டிவி பக்கத்தில் வைத்தவர் ஆறு மாதம் தொடவே இல்லை. போகும்போதெல்லாம் அதைப் பார்த்து மனசு வலிக்கும்.

மாமா ஒரு லாட்டரி மின்னஞ்சலை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்தபின் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "மாமா, அந்த மாதிரி மெயில் எழுதுறவங்க யாரு, ஏன் எழுதுறாங்கன்னு இந்தப் புத்தகத்துல இருக்கு."

இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டார். காலையில் போன், குரலில் அத்தனை கோபம். "அந்தப் பொண்ணேதானே எழுதுறா!" ஆமாம், கதாநாயகி ஜின்ஸி அப்படித்தான். போதையிலிருந்து மீண்டவள், பழைய கடனை அடைக்க மோசடி மின்னஞ்சல் எழுதுகிறாள், தொலைந்த பொருள்களைத் தேடிக் கொடுத்தும் பிழைக்கிறாள். அரை மணி நேரம் அவளைத் திட்டித் தீர்த்தார். அப்புறம் குரல் இறங்கி, தான் கட்டிய பணம் எவ்வளவு என்று முதல்முறையாக என்னிடம் சொன்னார்.

'ஜூ சிட்டி'யில் மந்திரம் வருகிறதே, அது எப்படி அறிவியல் புனைகதை என்று யாராவது சண்டைக்கு வரலாம். 2011-இல் ஆர்தர் சி. கிளார்க் விருது அந்த நாவலுக்குத்தான் கிடைத்தது, அது அறிவியல் புனைகதைக்கென்றே கொடுக்கிற விருது. ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை. ஆளைப் பார்த்துக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டை விட்டு வெளியூர் படிக்கப் போகிற பிள்ளைக்கு நெடி ஒகோராஃபோரின் 'பிந்தி' (2015). வீட்டுக்குத் தெரியாமல் வேற்றுக்கிரகப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புகிற, நமீபியாவின் ஹிம்பா இனப் பெண். உடம்பில் பூசிய செம்மண்ணையும் விடமாட்டாள், கணக்கையும் விடமாட்டாள். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். தமிழில் வேண்டுமென்றால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எல்லோருக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான் ஞாபகம் இருக்கும், ஆனால் காணாமல் போன கணவனைத் தேடிப் புறப்படுகிறவள் நிலா. நாய்க்கதை என்று சொல்லிக் கொடுத்தாலும் நிலாவைப் படித்துத்தானே ஆகவேண்டும்!

ஆனால் வாங்கிப் பரிசளிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே புத்தகத்துக்கும் 15 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி). பிரவுன் பிரெட்டுக்கு வாட் கிடையாது, அது நியாயம். பள்ளிக்கூடப் பிள்ளை வாங்குகிற கதைப் புத்தகத்துக்கு ஏன் வரி? 2018-இல் 14-ஐ 15 ஆக்கியபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. தமிழ்ப் புத்தகம் என்றால், சென்னைக்குப் போய்வருகிற சொந்தக்காரர்களின் பெட்டியில் இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டும்.

சரி, உங்கள் நண்பர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், எதில் அடிபட்டவர்கள் என்று எழுதுங்கள். யோசித்து ஆளுக்கு ஒன்று சொல்கிறேன்.