வாசகர் கேள்வி – பதில்: உட்பர்ன் ஊரின் மெக்சிகோ விழா

கேள்வி: அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் ஆண்டுதோறும் மெக்சிகோ விழா நடப்பதாக மகன் சொன்னான். மெக்சிகோவின் சுதந்திர நாள் செப்டம்பரில்தானே வருகிறது? ஆகஸ்டில் ஏன் கொண்டாடுகிறார்கள்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகன் சொல்வது உட்பர்ன் ஊர். போர்ட்லாண்டுக்கும் சேலத்துக்கும் இடையில், வில்லாமெட் பள்ளத்தாக்கில் இருக்கிறது. (இந்தச் சேலம் ஆரிகனின் தலைநகர்.) மக்கள்தொகை சுமார் 26 ஆயிரம், பாதிக்கு மேல் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பெர்ரி, வெள்ளரி, பீருக்கான ஹாப்ஸ் பறிக்க வந்த மெக்சிகோத் தொழிலாளர்கள் மெல்ல மெல்ல அங்கேயே குடியேறினார்கள். 1964இல் ‘ஃபியஸ்டா மெக்சிகானா’ தொடங்கியது அறுவடை விழாவாகத்தான். பெர்ரிப் பறிப்பு ஓய்ந்து, கையில் நாலு காசு புழங்கும் மாதம் ஆகஸ்ட். லீஜியன் பூங்காவில் விழா, ஊருக்குள் ஊர்வலம், அரசி முடிசூட்டு, கால்பந்துப் போட்டி என்று ஊரே திரளும். மரக்கன்று நடுவோரும் பண்ணைத் தொழிலாளரும் சேர்ந்து 1985இல் அமைத்த ‘பேகுன்’ சங்கத்தின் தலைமையகமும் இதே ஊர்தான். உழைப்பவர்களின் ஊர் என்பதை மறந்துவிட்டுப் பார்த்தால் இந்த விழா வெறும் ஆட்டம்பாட்டமாகத்தான் தெரியும்.

நீங்கள் சொன்ன சுதந்திர நாள் செப்டம்பர் 16. 1810இல் பாதிரியார் மிகெல் இதால்கோ எழுப்பிய கிளர்ச்சியின் நினைவு. மே 5 அதுவல்ல. 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள் அது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேள்வி: தமாலே என்ற மெக்சிகோப் பலகாரம் நம் கொழுக்கட்டை போலத்தானா? வீட்டில் செய்தேன், கல்லாகிவிட்டது. சைவமாகவும் செய்யலாமா?
– வாசகி, மதுரை

பதில்: ஆவியில் வேகிறது என்பதில் மட்டும்தான் கொழுக்கட்டையின் உறவு. மாவு முற்றிலும் வேறு. கடையில் வாங்கும் சாதாரண மக்காச்சோள மாவில் செய்திருப்பீர்கள். அது பிடிப்பே கொடுக்காது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தின் மாவுதான் வேண்டும்.

உலர்ந்த வெள்ளை மக்காச்சோளமணி 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், உணவுக்கான நீற்றிய சுண்ணாம்பு 10 கிராம். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைத் தொடவே கூடாது. சுண்ணாம்பை நீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு, சிறு தீயில் 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். ஒரு மணியை விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழன்று வர வேண்டும்; உள்ளே நடுவில் கொஞ்சம் கடினம் இருக்கலாம். மூடி 8 முதல் 12 மணி நேரம் ஊறட்டும். நீரை வடித்து, தேய்த்துக் கழுவி, அரைக்க வேண்டும். சுண்ணாம்பு கூடினால் மாவு மஞ்சளித்துச் சோப்பு வாடை அடிக்கும். அதிகம் வெந்தால் பசையாகிவிடும். இந்த முறையில்தான் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் (பி3 வைட்டமின்) உடலில் சேரும் வடிவத்துக்கு வருகிறது. இதை விட்டுவிட்டுச் சோளத்தையே முக்கிய உணவாக்கிக்கொண்ட நாடுகளில் நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவியது. மெக்சிகோவின் பழங்குடிப் பெண்கள் கைப்பக்குவத்தால் கண்டுபிடித்த இந்த ஞானத்துக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

இனி கலவை. அரைத்த மாவு 1 கிலோவுக்குப் பன்றிக் கொழுப்பு 350 கிராம், உப்பு 3 தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, வெதுவெதுப்பான சூப் 400 முதல் 500 மில்லி. முதலில் கொழுப்பை மட்டும் வெண்ணெய்போல் வெளுத்துப் பூக்கும்வரை அடியுங்கள். பிறகு மாவும் சூப்பும் மாறி மாறிச் சேருங்கள். ஒரு சிறு உருண்டையைக் குளிர்ந்த நீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். உங்கள் கல்லுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் படியிலும் இருக்கும்.

சோள மடலை வெந்நீரில் 1 மணி நேரம் ஊறவைத்து, வழவழப்பான பக்கத்தில் மாவைத் தடவி, நடுவே பூரணம் வைத்து மடியுங்கள். திறந்த வாய் மேலே பார்க்க, இட்லிப் பானையில் நிறுத்தி 60 முதல் 90 நிமிடம். அடியில் ஒரு நாணயம் போட்டுவைப்பது பழைய வழக்கம்: நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை கடகடவெனும், சத்தம் நின்றால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். மடல் ஒட்டாமல் பிரிந்தால் வெந்துவிட்டது. இறக்கி 15 நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள்.

சைவத்துக்குக் கொழுப்பின் இடத்தில் உறைந்த தேங்காயெண்ணெய், சூப்பின் இடத்தில் காய்கறி வேகவைத்த நீர். விழாக் கடையில் வாங்கும்போது பூரணம் பாலாடைக்கட்டி, மிளகாய் என்றிருந்தாலும் மாவில் கொழுப்பு இருக்கும், ‘சின் மன்தேகா?’ என்று கேட்டு வாங்குங்கள். கொழுப்பில்லாததா என்று பொருள்.

கேள்வி: மெக்சிகோ விழாவில் மேலே தோரணமாகக் கட்டுகிற வெட்டுக் காகிதத்தை வீட்டில் செய்யலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. அதன் பெயர் ‘பாபெல் பிகாடோ’. புவெப்லா மாநிலத்தின் சான் சால்வடோர் உயித்ஸ்கோலோத்லா ஊர்ப் பட்டறைகளில் உளியும் சுத்தியலும் வைத்து, சுமார் 50 தாள்களை ஒரே அடுக்காக வெட்டுகிறார்கள். வீட்டில் கத்தரிக்கோலுக்கு 4 மெல்லிய வண்ணத்தாள் போதும். மேலே 3 செ.மீ. வெட்டாமல் விட்டு, அதைக் கயிற்றின்மேல் மடித்து ஒட்டுங்கள். துளைகளுக்கு இடையே 5 மி.மீ.யாவது இருக்கட்டும், குறைந்தால் முதல் காற்றிலேயே கிழியும். பனியில் சாயம் இறங்கும் என்பதால் இரவில் கழற்றி வைப்பது நல்லது.

கேள்வி: போர்ட்லாண்டில் பேத்தி மெக்சிகோ நாட்டுப்புற நடனம் பயில்கிறாள். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலப் பாவாடையை எந்த அளவில் வெட்டுவது?
– வாசகி, கோவை

பதில்: இரண்டு முழு வட்டங்களை இணைத்துத் தைக்கும் பாவாடை அது. இடுப்பு 72 செ.மீ. என்றால், 72ஐ 12.57ஆல் வகுங்கள்: சுமார் 5.7 செ.மீ. ஒவ்வொரு வட்டத்தின் நடுத்துளைக்கும் அதுவே ஆரம். நீளம் 90 செ.மீ. வைத்தால் கீழ்விளிம்பு இரண்டு வட்டத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 12 மீட்டர் வரும். ஆகவே ரிப்பன் ஒரு வரிசைக்கு 12 மீட்டர். சுருக்கம் வைத்த ஃப்ரில் என்றால் அதைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். பயிற்சிக்குப் பாப்ளின் போதும். பட்டுபோல் வழுக்கும் துணி, கையை வீசும்போது விரலில் நிற்காது. விளிம்பை உடனே மடிக்காதீர்கள். இடுப்புப் பட்டி தைத்து ஒரு நாள் கொடியில் தொங்கவிடுங்கள். இழை மூலைவாட்டில் விழும் பகுதிகள் சில செ.மீ. இறங்கும், அதைச் சமமாக வெட்டிய பிறகே மடித்து, ரிப்பன் வையுங்கள்.