வாசகர் கேள்வி: கரி என்ஜினைத் தட்டி எழுப்பியவர்கள்

கே: கொரியப் போர் ஒரு அண்ணன் தம்பிச் சண்டைதானே ஐயா? அதில் இத்தனை நாட்டுப் படைகள் ஏன் நுழைந்தன? (வாசகர், கும்பகோணம்)

அண்ணன் தம்பிச் சண்டைதான். ஆனால் நடுவீட்டில் சுவர் எழுப்பியது அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. 1945 ஆகஸ்டில், அதுவரை கொரியாவை ஆண்ட ஜப்பான் தோற்றபோது, வாஷிங்டனில் இரண்டு ராணுவ அதிகாரிகள் ஒரு பத்திரிகை வெளியிட்ட வரைபடத்தை விரித்து, அரை மணி நேரத்தில் 38-ஆவது அட்சரேகையைத் தேர்ந்தெடுத்தார்கள். வடக்கே ரஷ்யப் படை, தெற்கே அமெரிக்கப் படை. வயல், கிணறு, ரயில் பாதை எதையும் அந்தக் கோடு பார்க்கவில்லை. முப்பது வருடம் சரித்திரப் பாடம் நடத்தியவன் நான். இந்த இடம் வந்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் நிற்பேன்.

1950 ஜூன் 25 அன்று வடகொரியத் தலைவர் கிம் இல் சுங்கின் படை கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கியது. கம்யூனிசத்தை இங்கேயே தடுக்க வேண்டும் என்று அமெரிக்கா கிளம்பியது. தென்கொரியாவுக்கு உதவும் ஐ.நா. தீர்மானத்துக்கு ரஷ்யா வீட்டோ போட்டிருக்கலாம். ஆனால் மாவோவின் சீனாவுக்கு ஐ.நா.வில் இடம் தரவில்லை என்று அது ஜனவரியிலிருந்தே பாதுகாப்பு சபையைப் புறக்கணித்திருந்தது. தீர்மானம் நிறைவேறி, 16 நாடுகள் போர்ப்படை அனுப்பின.

செப்டம்பரில் அமெரிக்கத் தளபதி மக்கார்தர் இன்சோன் துறைமுகத்தில் படையை இறக்கினார். வடகொரியப் படை சிதறி ஓடியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சீனப் பிரதமர் சூ என்லாய் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை வரவழைத்து, அமெரிக்கர்கள் கோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்று சொன்னார். செய்தி டெல்லி வழியாக வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. வெறும் மிரட்டல் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த மாதமே சீன வீரர்கள் ‘தொண்டர் படை’ என்ற பெயரில் எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்து வந்தார்கள்.

கே: இந்தியாவும் அங்கே போனதாமே? (வாசகி, சேலம்)

போனது. துப்பாக்கியோடு இல்லை, ஸ்ட்ரெச்சரோடு. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். இந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு நிறைய உண்டு.

1950 டிசம்பரில் சீனப் படை நெருங்க, பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். நம்மவர்களுக்கு வண்டி கிடையாது. சாமான்களைப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். கத்தியும் மருந்தும் இல்லாமல் டாக்டர் போய் என்ன செய்வது? ரங்கராஜ் மறுத்துவிட்டார். கைவிடப்பட்ட ஒரு பழைய கரி என்ஜினும் சில பெட்டிகளும் கண்ணில் பட்டன. ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவுக்குள்ளேயே இருந்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். நீராவி ஏறியது. ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்பு ரயில் அக்கரை சேர்ந்தது. அடுத்த மார்ச்சில் அதே ரங்கராஜ் ஒரு சிறு குழுவோடு, அமெரிக்க வீரர்களுடன் முன்சானில் பாராசூட்டில் குதித்தார். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

மகள் சியோலில் வேலை பார்த்தபோது என்னை எல்லைப் பக்கம் இம்ஜின்காக் என்ற இடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் ஒரு கரி என்ஜின் நிற்கிறது. அது தப்பிக்காத என்ஜின். எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று சுட்டதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துளைகள். துரு பிடித்த ஒரு துளையில் என் கட்டைவிரல் நுழைந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அது வெட்டவெளியில் கிடந்தபோது மேலே ஒரு மல்பெரிச் செடி முளைத்ததாம். அதைப் பெயர்த்துப் பக்கத்திலேயே நட்டிருக்கிறார்கள்.

கே: போர் முடிந்துவிட்டதா? (வாசகர், நாகர்கோவில்)

இல்லை. 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. அந்தப் போர்நிறுத்தத்துக்கே இரண்டு வருடம் பேசினார்கள், பெரும்பாலும் கைதிகளைப் பற்றி. பேச்சு நடந்த காலமெல்லாம் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எல்லை ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நின்றது.

ஊர் திரும்ப மறுத்த சுமார் 22 ஆயிரம் கைதிகளைக் காவல் காத்தது இந்தியப் படைதான். அவர்களில் 88 பேர் எந்தப் பக்கமும் வேண்டாம் என்றார்கள். 1954 பிப்ரவரியில் நம் வீரர்களோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களில் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள்.